ஒரு சாண் காணியும் இல்லாத விதானை

ஜெயரூபனின் கந்தோரில் ஒரு மேசைக்கு நான்கு பேர். இழுப்பறை இருந்த பக்கம் அகீலாவுக்குக் கிடைத்தது. அவள் ஏறாவூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள், இடம் பிடிக்கத் தெரிந்தவள். மற்ற மூன்று பேரும் சோற்றுப் பெட்டியையும் குடையையும் காலடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். எல்லோரும் பட்டதாரிகள். அபிவிருத்தி உத்தியோகத்தர் என்பது பதவியின் பெயர். வேலை கொடுத்த அரசாங்கம், அந்த வேலைக்குள் செய்வதற்கு ஏதாவது கொடுக்க மறந்துவிட்டது.

அரசாங்கத்தை மட்டும் குறை சொல்லவும் முடியாது. இதே வேலைக்காக ஜெயரூபன் ஒரு காலத்தில் காந்திப் பூங்காவுக்கு முன்னால் கொட்டில் போட்டுக் கிடந்தவன். தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டவன். கேட்டுப் பெற்ற வரம், யாரை நோவது? காலையில் இயந்திரத்தில் விரலை வைத்து வரவு காட்டுவான். பிறகு தேநீர். அதற்குப் பிறகு கைப்பேசி. எப்போதாவது மேலிடத்திலிருந்து ஒரு விபரம் கேட்பார்கள். நான்கு பேரும் பாய்ந்து விழுந்து அதை முடித்துவிட்டு மறுபடியும் சும்மா இருப்பார்கள். சும்மா இருப்பது சுகம் என்று சொன்னவன் எவனோ, அவன் கந்தோரில் சும்மா இருந்து பார்த்தவன் அல்ல.

ஆனால் அந்த வேலைதான் அவனுக்குக் கலியாணத்தைக் கொண்டுவந்தது. மட்டக்களப்பில் பெண் புகுந்த வீடு போவதில்லை. ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் வந்து இறங்குவான். ஜெயரூபன் வாழைச்சேனைக்காரன், தகப்பன் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். வலையிறவுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், வவுணதீவில் ஒரு கிராமத்தில் நிருஷாவைக் கட்டினான். கல்வீடும் கொக்குமடு வட்டை என்ற வயல்வெளியில் ஒரு வயலும் நிருஷாவின் சீதனம். அவளுடைய தாய் கண்ணகை, கவர்மென்ட் மாப்பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் கல்வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் சின்னதாக ஒரு வீடு போட்டுக்கொண்டு ஒதுங்கினவள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் வயலை நிருஷாவே பார்த்தாள். உழவுக்கு ஆள் பிடிப்பதும் பசளை எடுப்பதும் அவள்தான். சனி ஞாயிறுகளில் ஜெயரூபன் அவளுக்குப் பின்னால் வரம்பில் நடப்பான். அந்த இரண்டு நாளும் அவனுக்கு நல்ல நித்திரை வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கந்தோரில் பிரியாவிடை வைபவம். ஓய்வு பெறும் பெரியவர் ஒருவருக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசவந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: ஐயா ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. வேறு எதுவும் எவருக்கும் ஞாபகம் வரவில்லை. பெரியவர் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜெயரூபன் கையிலிருந்த கேக்கை மேசையில் வைத்துவிட்டான். பயம் வந்தது. தனக்கும் ஒரு நாள் இதே கேக்தான், இதே பேச்சுத்தான். அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவன் அடிக்கடி பிந்தி வருகிறவன்.

அடுத்த ஞாயிறு சிறுபோகத்துக்கான ஆரம்பக் கூட்டம். நிருஷாவுக்குக் காய்ச்சல், போய் இருந்து கேட்டுவிட்டு வாருங்கள் என்று அவனை அனுப்பினாள். கூட்டத்தில் பெரிய பிரச்சினை வட்டவிதானை. வட்டையின் தண்ணீருக்குப் பொறுப்பானவர் அவர். வாய்க்கால் துப்புரவு, மடை திறப்பு, எவருக்கு எப்போது தண்ணீர், எவருடைய மாடு எவருடைய வயலில் வாய் வைத்தது, எல்லாம் அவர் தலையில். காணிக்காரர்கள் கூடித் தெரிவு செய்வார்கள். அறுவடையில் நெல்லாகப் பங்கு கொடுப்பார்கள். பழைய விதானை கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ள மேல்கண்டத்தார் தங்கள் ஆள் ஒருவரைச் சொன்னார்கள். வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் கீழ்க்கண்டத்தார், அவர் வந்தால் எங்கள் பக்கம் ஈரக்காற்றுக்கூட வராது என்றார்கள். கீழ்க்கண்டத்து ஆளைச் சொன்னதும் மேல்கண்டத்தார் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்கள்.

அப்போதுதான் உசனார் வாயைத் திறந்தார். அவர் ஏறாவூர்க்காரர், அண்ணன் முறையில் எல்லோரும் காக்கா என்று கூப்பிடுகிற பெரியவர்; கீழ்க்கண்டத்தின் கடைசி வயல் அவருடையது.

"நம்மட ஜெயரூபன் தம்பியப் போடுவம். அவருக்குத்தான் இந்த வட்டையில ஒரு சாண் காணியும் இல்ல."

சனம் சிரித்தது. பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு நின்றது. யோசித்துப் பார்த்தால் அதிலே நியாயம் இருந்தது. அவன் வந்த மாப்பிள்ளை. மேலேயும் சொந்தபந்தம் இல்லை, கீழேயும் இல்லை. வயல் நிருஷாவின் பெயரில். ஒன்றுமே இல்லாதவன் எவருக்காக ஓரவஞ்சகம் செய்யப்போகிறான்? வட்டை முழுவதும் அந்த நியாயத்தில் மயங்கிப்போனது. கட்டினவளின் வயல் கட்டினவனின் கண்ணில் எப்படித் தெரியும் என்று அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை. ஜெயரூபனும் யோசிக்கவில்லை. அவன் வேறு யோசனையில் இருந்தான். விடியமுன் எழும்பி வரம்பில் நடப்பதற்கு ஒருவனைத் தேடுகிறார்கள், அந்த ஒருவன் நானாக இருக்கலாம் என்ற யோசனையே அவன் நெஞ்சை அடிக்கவைத்தது.

கந்தோரையும் வைத்துக்கொண்டு இதையும் பார்க்க முடியாதா என்று நிருஷா கேட்டாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றால் இரண்டும் கெட்டுப்போகும் என்றான்.  மறுநாள் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"கந்தோர விட்டா உங்களுக்கெண்டு இஞ்ச என்ன இருக்கு?"

குத்தலாகக் கேட்கவில்லை. உள்ளதைத்தான் கேட்டாள். வீடு அவளுடையது, வயல் அவளுடையது, குளிக்கிற கிணறும் அவளுடையது. அவனுக்கென்று இருந்தது சம்பளமும், பின்னால் வரப்போகிற பென்ஷனும்தான்.

"ஒண்டுமில்ல," என்றான் ஜெயரூபன். "அதாலதான் என்னக் கேக்கிறாங்க. நிருஷா, கந்தோரில இருந்தா செத்துப்போயிருவன் எண்டில்ல. சாகாம அங்கயே இருந்திருவன். அதுதான் பயமாக் கிடக்கு."

அவள் வெறுங்கோப்பையைத் திரும்ப வாங்கினாள். சரி என்றாள். ஆனால் இந்தப் போகத்தோடு வட்டைச்சனம் வேண்டாமென்று அனுப்பிவிட்டால் திரும்பிப் போக ஒரு கதிரை இருக்காது, அம்மாவின் வாயை மூடவும் தன்னால் ஏலாது, அதையும் நினைத்துக்கொண்டு செய்யுங்கள் என்றாள்.

ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தபோது தலைமை லிகிதர் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று ஆவலோடு விசாரித்தார். வட்டவிதானை என்றதும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. அகீலா மட்டும், அப்படியென்றால் மேசையில் நீங்கள் இருந்த பக்கத்தில் என் குடையை வைக்கலாமா என்று கேட்டாள். கண்ணகை மாமி மருமகனிடம் நேரே ஒரு சொல் சொல்லவில்லை. அந்த வீட்டில் மாமி மருமகன் முன்னால் நின்று கதைக்கிற வழக்கமில்லை. கோழிக்குத் தவிடு போடும்போது கோழியிடம் சொன்னாள். கவர்மென்ட் மாப்பிள்ளைக்குக் கொடுத்த கல்வீட்டில் இப்போது மண்வெட்டி சாத்திக் கிடக்கிறது என்று கோழிக்கு விளங்கும்படி உரத்துச் சொன்னாள். கோழிக்கு விளங்கியதோ என்னவோ, ஜெயரூபனுக்கு நன்றாக விளங்கியது.

ஆனாலும் அவன் சந்தோஷமாக இருந்தான். அதை ஒளிக்கவும் அவனுக்குத் தெரியவில்லை. கிழக்கு வெளுக்குமுன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியை சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விடுவான். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று படர்ந்து அடைக்கிற ஆற்றுவாழையை இழுத்துக் கரையில் போடுவான். முதல் கிழமை, தண்ணீர்ப் பிரச்சினை உள்ளவர்கள் காலை ஒன்பது மணிக்குப் பிறகு வரவும் என்று கந்தோர்ப் பழக்கத்தில் சொல்லிப்பார்த்தான். விடியமுன்னமே வாசல் படலையில் ஆள் கூப்பிட்டது. அதோடு அந்தப் பழக்கம் போனது. கால் வெடித்தது, கழுத்து கறுத்தது, தொப்பை இருந்த இடம் தெரியாமல் போனது. கந்தோர்க் காலத்தில் சோற்றை அளைந்துகொண்டிருந்தவன் இப்போது மீன் சட்டியை வழித்துச் சாப்பிட்டான். இந்த மனிசனுக்குச் சோறு ஆக்கிக் கட்டாது என்று நிருஷா அலுத்துக்கொண்டாள். அலுப்பில் ஒரு சிரிப்பும் இருந்தது.

பயிர் வளர்ந்து கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்துக்கு வந்தபோது கச்சான் காற்று வீசத் தொடங்கியது. மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்றுக்கு ஈரம் என்பதே தெரியாது; வயலையும் குளத்தையும் மனிசருடைய பொறுமையையும் சேர்த்துக் காயவைக்கும். குளத்தில் தண்ணீர் இறங்கியது. இனி முறைத் தண்ணீர்தான் என்று தீர்மானித்தார்கள். ஒரு கிழமை ஏழு நாளும் மேல்கண்டத்துக்கு, மறு கிழமை கீழ்க்கண்டத்துக்கு. முறை மாறி வரம்பில் வக்கடை வெட்டித் தண்ணீர் எடுத்தவருக்கு அடுத்த முறை இல்லை. இது வட்டையின் பழைய சட்டம்; கூட்டத்தில் அதை மறுபடியும் வாசித்து எல்லோரும் தலையாட்டினார்கள். நிருஷாவும் ஆட்டினாள்.

நிருஷாவின் வயல் மேல்கண்டத்தின் கடைசியில் இருந்தது. மேல்கண்டத்துக் கிழமையில் வாய்க்கால் ஓரிடத்தில் உடைத்துக்கொண்டது. ஜெயரூபன் ஆட்களோடு நின்று மண்மூட்டை போட்டுக் கட்டி முடிக்கும்போது பாதி நாள் போய்விட்டது. தண்ணீர் நிருஷாவின் வயலுக்கு வந்து சேர்ந்து, மேல்பாதி நனைந்து, கீழ்ப்பாதிக்கு இறங்குவதற்குள் கிழமை முடிந்தது. இன்னும் ஒரு பின்னேரம் விட்டால் போதும் என்று நிருஷா கேட்டாள். விடமுடியாது என்றான். இது உடைப்பு, யாருடைய குற்றமும் இல்லையே என்றாள். உண்மைதான், ஆனால் கீழ்க்கண்டத்தாரின் குற்றமும் இல்லை என்றான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதை, ஒத்துக்கொண்டாள் என்று ஜெயரூபன் எடுத்துக்கொண்டான். எவ்வளவு காலம் குடும்பம் நடத்தினாலும் ஆண்கள் விடுகிற பிழை இது.

மறுநாள் வெயில் ஏறிய நேரம். கீழ்க்கண்டத்துக்குப் போகிற தண்ணீர் இளைத்திருப்பதைக் கண்டு ஜெயரூபன் வாய்க்காலோடு மேலே நடந்துவந்தான். நிருஷாவின் வயலில் வக்கடை திறந்திருந்தது. தண்ணீர் வளைந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. நிருஷா சட்டைக்கு மேல் அவனுடைய பழைய கந்தோர்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு வரம்பில் நின்றாள். அவனைக் கண்டு ஒளிக்கவுமில்லை, பதறவுமில்லை.

"குடலையில காய்ஞ்சா எல்லாம் பதர்," என்றாள். "இத நம்பித்தானே இருக்கிறம். சம்பளமும் இல்ல இப்ப."

 அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் அவனுக்கு வலித்தது. சுற்றிவரப் பார்த்தான், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒருவரும் இல்லை. ஒரு மணித்தியாலம் கண்ணை மூடிக்கொண்டு வேறு பக்கம் போனால் வயல் நனைந்துவிடும். வீட்டில் சிரிப்பு இருக்கும். கோழிகளும் நிம்மதியாகத் தவிடு தின்னும்.

"மூடப்போறன் நிருஷா," என்றான்.

"உங்களுக்கு வட்டையெல்லாம் ஒண்டுதான்," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "எனக்கு நீங்க ஒராள்தானே."

அவன் குனிந்து மண்ணை வெட்டி வக்கடையில் போட்டான். மிதித்தான். மறுபடியும் வெட்டிப் போட்டான். அவள் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் திரும்பி வாய்க்காலோடு போகத் தொடங்கியபோது, வரம்பால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. உசனார்.

"என்ன தம்பி, தண்ணி நூல்போல வருது?"

காலடியில் காலையில் இழுத்துப் போட்ட ஆற்றுவாழை குவிந்து கிடந்தது. ஆற்றுவாழை அடைத்துவிட்டது காக்கா, இப்போதுதான் எடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. நிருஷா தூரத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட வீட்டு வயல்ல வக்கடை திறந்திருந்திச்சி காக்கா. இப்பதான் மூடின."

உசனாருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கினார். அந்த மனிதருக்குக் கேட்டிருக்க வேண்டாமே என்று இருந்தது. "சரி தம்பி, விடுங்க. தங்கச்சி தெரியாமத் திறந்திருக்கும். நான் ஆருக்கிட்டயும் கதைக்கமாட்டன்."

"தெரிஞ்சிதான் திறந்த நான், காக்கா," என்றாள் நிருஷா. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அன்று பின்னேரமே ஜெயரூபன் வட்டைச்சனத்துக்குச் சொன்னான்: அடுத்த முறைத் தண்ணீர் நிருஷாவின் வயலுக்கு இல்லை. சிலர் வேண்டாம், மன்னித்துவிடலாம் என்றார்கள். மன்னித்தால் நாளைக்கு எல்லா வக்கடையும் திறக்கும் என்பது சொன்னவர்களுக்கும் தெரியும். அவர்கள் மரியாதைக்குச் சொன்னார்கள், அவன் மரியாதையாக மறுத்தான்.

வீட்டில் சண்டை இல்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லது என்று அவனுக்கு இருந்தது. சோறு வழமைபோல இருந்தது, ஆனால் மூடி வைக்கப்பட்டிருந்தது. முன்னால் நின்று போடுகிற கை இல்லை. பிள்ளைகள் இருவருக்கும் நடுவில் அவள் படுத்துக்கொண்டாள். மாமி கோழிகளுக்கு விரிவாகவே எடுத்துச் சொன்னாள்: பெண்சாதியின் வயலுக்குத் தண்ணீரை மறித்த புருசனை இந்த ஊரில் இப்போதுதான் காண்கிறேன், அவனுக்கு வீடு வேறு கேடு. ஜெயரூபன் கேட்டுக்கொண்டு கிணற்றடியில் காலைக் கழுவினான். 

ஒவ்வொரு நாளும் அந்த வயலைக் கடந்துதான் போகவேண்டும். மேல்பாதி முன்பு நனைந்த ஈரத்தில் பச்சையாக நின்றது. கீழ்ப்பாதி கச்சானில் நாளுக்கு நாள் வெளுத்தது. கதிர் வந்தது, வந்த கதிர் நிமிர்ந்தே நின்றது. பால் பிடிக்காத கதிருக்கு ஏது பாரம். ஒரு நாள் மதியம் ஒரு நெற்கதிரை உருவி விரலுக்குள் நசுக்கிப் பார்த்தான். வெறும் உமி. வரம்பில் குந்தியிருந்து ஜெயரூபன் அழுதான். கந்தோரில் இருந்திருந்தால் இந்த வயலில் இப்படி ஒன்று நடந்திராது, நடந்தாலும் அது வேறொரு விதானையின் கையால் நடந்திருக்கும், சனிக்கிழமை வந்து மனைவியோடு சேர்ந்து அந்த விதானையைத் திட்டியிருக்கலாம். ஆனாலும் கந்தோருக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று அவனுக்கு ஒரு தடவையும் தோன்றவில்லை. அதுவே அவனுக்குக் குற்றமாகப் பட்டது. மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து, கீழ்க்கண்டத்து மடையைப் பார்க்கப் போனான்.

ஆவணியில் வெட்டு மெசின் வந்தது. ஒரே நாளில் வட்டையின் பாதி வெறுந்தரையானது. வாய்க்கால் ஓரத்து மருதமரத்தடியில் மூட்டைகளை அடுக்கி, காணிக்காரர்கள் ஒவ்வொருவராக விதானையின் பங்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். கீழ்க்கண்டம் அந்தப் போகம் நன்றாக விளைந்திருந்தது. உசனார் தன் பங்கை வைத்துவிட்டு, நிழலில் நின்று மற்றவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். வாற போகத்துக்கும் தம்பியே இருக்கட்டும் என்று யாரோ சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. ஜெயரூபன் தலையாட்டினான். கந்தோர்க் கதிரையைத் தேடி அலையவேண்டியதில்லை என்ற நிம்மதி வந்தது. வீட்டை நினைத்ததும் வந்த நிம்மதி போய்விட்டது.

அந்த நேரத்தில் நிருஷா வந்தாள். உழவு மெசின் பெட்டியில் ஒரு மூட்டை. மெசின்காரரைக் கொண்டு இறக்கி, ஜெயரூபனுக்கு முன்னால் வைப்பித்தாள்.

"எங்கட வயல்ட பங்கு, விதானையார்."

 விதானையார் என்று அவள் அவனை அழைத்தது அதுதான் முதல் தடவை. ஜெயரூபன் மூட்டையைப் பார்த்தான். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான், விளையாத வயலுக்கு விதானைப் பங்கு கேட்கிற வழக்கம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோ என்று.

"விளையாத பாதிக்குத் தரல்ல. விளைஞ்ச பாதிக்கு இது." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "உங்களோட எனக்குக் கோவம் இருக்கு. இன்னம் கொஞ்சநாளைக்கு இருக்கும். அது வீட்டுக் கதை. கோவம் வேற, பங்கு வேற."

 உசனார் நிலைமையைச் சமாளிக்கிறவர்போல முன்னால் வந்து, மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். வாங்க தம்பி, ரெண்டு பேருமாத் தூக்கி ஓரமா வைப்பம் என்றார்.

"விடுங்க காக்கா," என்றாள் நிருஷா. "அது அவர்ட நெல்லு. அவரே தூக்கட்டும்."

உசனார் கையை எடுத்தார். ஜெயரூபன் சாரத்தை மடித்துக் கட்டி, குனிந்து, மூட்டையைத் தோளில் ஏற்றினான். பாரம் அதிகம்தான். கண் கலங்கியது பாரத்தால் என்றே எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிய அவளுக்குப் பின்னால் வரம்பில் நடந்தான்.